புந்தா அரேனாஸ் வரப்போகும் தம்பிக்கு

சிலியின் தென்கோடியில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் கட்டுப்படியாகுமா, விசா எப்படி, அரிசி கிடைக்குமா, குளிர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளமும் விசாவும் உங்கள் கம்பெனி பாடு. அரிசி கிடைக்கும். குளிர்தானே, அதற்கா இத்தனை பயம்?

இங்கே ஜூலைதான் நடுக்குளிர். அப்போதும் பூஜ்யத்தை ஒட்டியேதான் நிற்கும். மகெல்லன் நீரிணைக் கரை என்பதால் கடல் தாங்கிக்கொள்கிறது. எரிவாயு மலிவு, வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கும். ஜூனில் காலை பத்து மணிக்குத்தான் விடியும், அதுவும் பழகிவிடும்.

பயப்பட வேண்டியது காற்றுக்கு. அதுவும் கோடையில். ஜனவரியில் வெயில் 15 டிகிரியைத் தொட்டால் பெரிது, காற்றோ சில நாள் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கடைத்தெருவில் ஆட்கள் பிடித்து நடக்கக் கயிறு கட்டிவிடுவார்கள். குடையைப் பெட்டியில் வைக்காதீர்கள். கார் கதவை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துத் திறக்காவிட்டால் கீல் பிய்ந்து வரும். வசந்தத்தில் ஓசோன் ஓட்டை வேறு. ‘நம்ம கறுப்புத் தோலுக்கு ஒன்றும் ஆகாது’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள், கேட்காதீர்கள்; வெயில் களிம்பு பூசுங்கள்.

இன்னொன்று, ஸ்பானிஷ் படியுங்கள். சோனா பிராங்கா என்ற வரிச்சலுகை வளாகத்தில் கடை வைத்திருக்கும் சிந்திக்காரர்கள் உள்ளூர்க்காரர்களைப் போலவே பேசுகிறார்கள், கோயிலும் கட்டிவிட்டார்கள். நம் பையன்கள்தான் ஆறு மாதம் அறைக்குள் சாம்பார் வைத்துக்கொண்டு ஊரைத் திட்டுவது.

ஸ்பானிஷில் எனக்கு வாய் வந்தது வீட்டுக்காரப் பாட்டியால். அவருடைய தாத்தா குரோவேஷியாவின் பிராச் தீவிலிருந்து வந்தவர். இந்த ஊரின் கதையையும் பாட்டிதான் சொன்னார்: தெற்கே புல்னேஸ் கோட்டையில் 1843இல் குடியேறியவர்கள் அங்கே காலூன்ற முடியாமல் 1848இல் இங்கே வந்தார்கள். பிறகு கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்புறம் ஆடு, கம்பளி, கப்பல் என்று காசு கொழித்தது. 1914இல் பனாமா கால்வாய் திறந்ததும் கப்பல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. இவ்வளவையும் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டே சொல்வார். ஆட்டுப் பண்ணைகளுக்காக செல்க்நாம் பழங்குடியினரை வேட்டையாடிக் கொன்றதைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அது கடைசிவரை உறுத்தல்தான்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். அதுவும் பாட்டி சொன்னதுதான்.