இன்கோனெல் 718: கிரெய்ன் பவுண்டரியில் ஊசிகள் தெரிந்தால்

கேள்வி: எண்ணெய்க் கிணற்று வால்வுக்காக இன்கோனெல் 718 (ஒரு நிக்கல் உலோகக் கலவை) ராடு வாங்கினோம். 980 டிகிரி செல்சியஸில் சொல்யூஷன் (சூடாக்கி உள்ளிருப்பதைக் கரைத்தல்), பிறகு 720/620 டிகிரியில் ஏஜிங் (குறைந்த சூட்டில் வைத்துக் கடினமாக்குதல்) என்று சான்றிதழில் இருக்கிறது. ஹார்ட்னஸ் 43 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு). லேப் ரிப்போர்ட்டில் ‘கிரெய்ன் பவுண்டரியில் டெல்டா ஃபேஸ்’ என்று, அதாவது உலோகத்தின் படிக மணிகளுக்கு இடையிலான எல்லையில் டெல்டா இருப்பதாக, போட்டிருக்கிறார்கள். விற்றவரோ, “இது விமானத் தரம், பயப்படாதீர்கள்” என்கிறார். பயன்படுத்தலாமா?

பதில்: அப்படியே மெஷினில் ஏற்றிவிடாதீர்கள். விற்றவர் சொல்வது பொய்யில்லை. ஜெட் எஞ்சின் டிஸ்க்குக்கு அது நல்ல சரக்குதான், உங்கள் வால்வுக்குத்தான் ஆகாது.

718-இல் சுமார் 5 சதவீதம் நியோபியம் இருக்கிறது. ஏஜிங்கில் அது நிக்கலோடு சேர்ந்து, கிரெய்னுக்குள் மிக நுண்ணிய காமா டபுள் பிரைம் தட்டுகளாகப் பரவினால் உலோகத்துக்கு வலிமை. அதே இரண்டும் அதே விகிதத்தில் கிரெய்ன் பவுண்டரியில் பெரிய தட்டுகளாக வளர்ந்தால் அதுதான் டெல்டா. மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரியும். அது முழுதாகக் கரைய ஏறக்குறைய 1010–1020 டிகிரியைத் தாண்ட வேண்டும். டிஸ்க் செய்பவர்கள் வேண்டுமென்றேதான் 980-இல் நிறுத்துகிறார்கள். டெல்டா கிரெய்ன் பவுண்டரியை நகரவிடாது. கிரெய்ன் சிறிதாகவே நிற்கும், ஃபடீக்கை (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உண்டாகும் சோர்வை) தாங்கும்.

கிணற்றில் நிலைமை வேறு. அரிப்பினாலும், கடலடியில் கேத்தோடிக் பாதுகாப்பினாலும் (துருப்பிடிக்காமலிருக்க மின்னோட்டம் கொடுக்கும் முறை) ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகும். அப்போது டெல்டா தட்டை ஒட்டியே விரிசல் ஓடும். அதனால்தான் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரத்தில் 120கே என்ற வலிமை வகைக்கு 1021–1052 டிகிரி சொல்யூஷன், 774–802 டிகிரியில் ஒரே ஏஜிங், ஹார்ட்னஸ் 32–40 என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் 43 அங்கேயே அடிபட்டுவிடுகிறது.

சரி, சரக்கைக் காப்பாற்ற முடியுமா? முதலில் லேபில் 500 மடங்குப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு நிறத்தில் கோணம் கோணமாக இருப்பது டைட்டானியம் நைட்ரைடு, மொத்தையான துண்டுகள் நியோபியம் கார்பைடு. அவற்றை டெல்டா என்று எண்ணிவிட வேண்டாம். ஊசிகள் கிரெய்னைச் சுற்றி வேலி போலத் தொடர்ந்து ஓடுகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் வாடிக்கையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, ஒரே ஒரு துண்டை மட்டும் ஏபிஐ முறைப்படி மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட் செய்யுங்கள். நேரத்தை நீட்டாதீர்கள்: டெல்டா கரைந்தபின் கிரெய்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, மளமளவென்று பெருத்துவிடும். சொல்யூஷன் முடிந்ததும் தண்ணீரில் குவென்ச் (சட்டென்று குளிர்வித்தல்). பழைய சான்றிதழ் இனி செல்லாது. டென்சைல் (இழுவை), இம்பாக்ட் (மோதல்) சோதனைகள், கிரெய்ன் அளவு எல்லாம் புதிதாக எடுக்க வேண்டும். அதன்பிறகும் ஊசிகள் பட்டை பட்டையாகத் தெரிந்தால், இங்காட் (உருக்கி வார்த்த கட்டி) காலத்திலேயே நியோபியம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த லாட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.