தூங்கும் குழந்தை அருகே வௌவால்: ரேபிஸ் ஊசி தேவையா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. உத்தரத்தில் சின்ன வௌவால்கள் அடைகின்றன. நாலு வயதுப் பேத்தி கூடத்தில் பாயில் தனியாகத் தூங்கினாள். காலையில் தலையணை ஓரம் ஒரு வௌவால் செத்துக் கிடந்தது. குழந்தை உடம்பில் கீறல் எதுவும் தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில், "வௌவாலுக்கெல்லாம் ஊசி கிடையாது" என்று அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரோ, தெரிந்த கிளினிக்கில் ஒரே ஊசியில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அம்மா, பேத்திக்கு ஊசி போட்டுவிடுங்கள். இன்றே தொடங்குங்கள்.

உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் பொய் சொல்லவில்லை. இந்தியாவில் வௌவால் மூலம் ரேபிஸ் பரவுவது உறுதியாகவில்லை, ஆகவே ஊசி தேவையில்லை என்று தேசிய வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம், வௌவாலோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டாலே அதை மிக ஆபத்தான மூன்றாம் வகையில் சேர்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிராமத்துச் செவிலியரை நிறுத்தி வைத்திருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தேடிப் பார்த்து இல்லை என்பது வேறு, சரியாகத் தேடவே இல்லை என்பது வேறு. பக்கத்தில் இலங்கையில், கன்னொருவையில் கிடைத்த பழந்தின்னி வௌவால்களில் ரேபிஸுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நாகாலாந்தில் சில வௌவால்களின் ரத்தத்தில் இந்தக் குடும்பத்து வைரஸ்களுக்கான எதிர்ப்பொருள், அதாவது வைரஸை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் பொருள், தெரிந்தது.

நம் ஊரில் ரேபிஸ் என்றால் பெரும்பாலும் நாய்தான். வீட்டுக்குள் வௌவால் பறந்தது, தலைக்கு மேல் வட்டமடித்தது, திண்ணையில் எச்சம் கிடந்தது, இதற்கெல்லாம் ஊசி வேண்டாம். அன்று வேறு அறையில் படுத்திருந்த உங்களுக்கும் வேண்டாம்.

பேத்தி விஷயம் அப்படி இல்லை. பூச்சி தின்னும் இந்தச் சின்ன வௌவாலின் பல் ஊசிமுனை போல இருக்கும். கடித்த தடம் சில மணி நேரத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விழித்திருக்கும் பெரியவர் என்றால், "மேலே படவே இல்லை" என்று சொல்வார், நாமும் நம்பலாம். தூங்கிய குழந்தையால் அது முடியாது. குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தவர், படுக்கையோடு இருக்கும் முதியவர், பேச வராத பிள்ளை எல்லோருக்கும் இதே கணக்குதான். கனடாவின் ஒன்டாரியோவில் 2024இல் ஒரு குழந்தை ரேபிஸால் இறந்தது. தூங்கிய அறையில் வௌவால் இருந்தது பெற்றோருக்குத் தெரியும். காயம் தெரியாததால் சிகிச்சைக்குப் போகவில்லை. அங்குள்ள வௌவால்களில் ரேபிஸ் இருப்பது உறுதியானது, இங்கே அப்படி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லாத நோய் இது. "நாலு நாள் ஆச்சு, நல்லாத்தானே விளையாடறா" என்று இருந்துவிடாதீர்கள். அறிகுறி வர மாதக்கணக்கில்கூட ஆகலாம். இடையில் நாள் கடந்திருந்தாலும் ஊசி போடலாம்.

இனி மருந்துக்கடைக்காரர் சொன்னது. ஒரே ஊசியில் முடிகிற ரேபிஸ் சிகிச்சை கிடையவே கிடையாது. யார் அப்படிச் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தோலுக்குள் போடுவதென்றால் முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து, ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும். தசையில் போட்டால் 14 நாள் கழித்தும் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் இது இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி நின்று இருபது வருஷம் ஆகிறது, அந்தப் பயமும் வேண்டாம்.

சிலர் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள் மருந்து, பாட்டில்களை வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். அது காயத்தைச் சுற்றிப் போடுவது. காயமே தெரியாத குழந்தைக்கு அது வேண்டுமா, எங்கே போடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், கமிஷன் வாங்குகிறவர் அல்ல. வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்று பிடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். உயிரோடு பிடிக்கும்போதும் அறுக்கும்போதும்தான் கடியும் கீறலும் படும்.

கடி தெரிந்தால் வேறு எதற்கும் முன்பு சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வைக்கக் கூடாது.

செத்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். அதைச் சோதித்துச் சொல்ல உங்கள் ஊர்ப் பக்கம் எளிய வழி இல்லை. முடிவுக்குக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஓட்டு இடுக்கை அடைப்பதை, குட்டிகள் பறக்கக் கற்ற பிறகு, இருட்டியதும் எல்லாம் வெளியே போனபின் செய்யுங்கள். அதுவரை பேத்தி கொசுவலைக்குள் தூங்கட்டும்.

திரும்பவும் மறுத்தால் செவிலியரோடு வாதாட வேண்டாம். மருத்துவ அலுவலரையே பார்த்து, "தூங்கிய குழந்தை, பக்கத்தில் வௌவால், கடித்ததா தெரியாது" என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்குப் பேசிவிட்டு, நேரே கும்பகோணம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.