வளைவுல டயர் கத்துது, பயப்படணுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். என் டிசையருக்கு போன மாசம் நாலு டயரும் புதுசா மாத்துனேன். 60,000 கிலோமீட்டர் கண்டிப்பா ஓடும்னு சொல்லித்தான் கடையில போட்டு குடுத்தாங்க. குடும்பத்தோட கொல்லிமலை போனா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் கிரீச் கிரீச்னு ஒரே சத்தம், பழைய டயர் ஒருநாளும் இப்படி கத்துனதில்ல, அம்மா ரொம்ப பயந்துட்டாங்க. மட்டமான டயர தலைல கட்டிட்டாங்களா?
– வாசகர், நாமக்கல்

பதில்: சத்தத்த மட்டும் வெச்சு மட்டம்னு சொல்லிட முடியாதுங்க. வளைவுல நீங்க ஸ்டீயரிங்க திருப்பும்போது சக்கரம் பாக்குற திசை ஒண்ணு, வண்டி போற திசை கொஞ்சம் வேற, இந்த வித்தியாசத்த மொத்தமா தாங்குறது ரோட்டுல பதிஞ்சிருக்கற உள்ளங்கை அகல ரப்பர்தான். அதுல இருக்கற ஒவ்வொரு பட்டனும், அதாவது பள்ளங்களுக்கு நடுவுல துருத்திட்டு இருக்கற ரப்பர் கட்டை, ரோட்ட புடிக்கும், இழுபடும், தாங்க முடியாம விடும், உடனே மறுபடி புடிக்கும். ஒரு செகண்டுக்குள்ள இது நூத்துக்கணக்கான தடவ நடக்கும்போது ரப்பர் அதிருது, அதான் காதுக்கு கிரீச்னு கேக்குது. கரும்பலகைல சாக்பீஸ ஒரு மாதிரி சாய்ச்சு இழுத்தா கத்துமே, அதே கதைதான். அதாவது கத்துற டயர் பிடிய விட்டுட்ட டயர் இல்ல, பாதி புடிச்சும் பாதி வழுக்கியும் ஓடுற டயர். சாதாரண ரோடு டயர்ல பெரும்பாலும் பிடியோட எல்லைக்கு கொஞ்சம் முன்னாடியே இந்த சத்தம் வந்துடும், அது நமக்கு நல்லதுதான்.

சரி, பழசு ஏன் கத்தல? புது டயர்ல பட்டன் உயரம் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும், நல்லா வளைஞ்சு ஆடும், தேஞ்ச டயர்ல அது குட்டையாயிடறதால அவ்வளவா ஆடாது. ரெண்டாவது, ரப்பர் கலவை. 60,000 ஓடணும்னா பெரும்பாலும் ரப்பர கொஞ்சம் கெட்டியா வெக்கணும், கெட்டி ரப்பர் ரோட்டோட சின்னச்சின்ன மேடுபள்ளத்துக்குள்ள எறங்கி கவ்வாது, அதனால சீக்கிரமே வழுக்க ஆரம்பிக்கும், சீக்கிரமே கத்தும். சில டயரோட பக்கவாட்டுல டிரெட்வேர்னு போட்டு 300, 400, 500ன்னு ஒரு நம்பர் இருக்கும், கூடக்கூட ஆயுசு கூடன்னு அர்த்தம். ஆனா அந்த நம்பர கம்பெனியே போட்டுக்குது, அதனால ஒரே கம்பெனி டயருக்குள்ள ஒப்பிட மட்டும் வெச்சுக்கோங்க.

மூணாவது காத்து, என் சந்தேகம் முக்கியமா இங்கதான். டயர் மாத்துன கடையில எல்லா வண்டிக்கும் ஒரே அளவுல அடிச்சு விடறது நெறைய எடத்துல நடக்குது. காத்து கம்மியா இருந்தா வளைவுல டயரோட தோள்பட்டை, அதாவது ஓரம், மடங்கி தரையில தேயும், மெதுவா போனாலும் கத்தும். டிரைவர் கதவ தெறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஆள் நிறைய ஏறுனா எவ்வளவுன்னு தனியா போட்டிருந்தா அந்த அளவ காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது அடிச்சுட்டு மலை ஏறிப் பாருங்க. கூடவே அலைன்மென்ட்டும் பாத்துடுங்க, முன் சக்கரம் ரெண்டும் உள்பக்கமோ வெளிப்பக்கமோ லேசா திரும்பியிருந்தாக்கூட ரப்பர் எப்பவும் இழுபட்டுட்டே ஓடும்.

கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியில இருந்து மேல 70 கொண்டை ஊசி. ஏறும்போது கத்துறதப் பத்தி நான் அவ்வளவா கவலைப்பட மாட்டேன், எறங்கும்போது கத்துனா கவலைப்படுவேன். எறக்கத்துல எடை அதிகமா முன் டயர் மேல வந்து விழுது, அந்த நேரம் பிரேக்கும் புடிச்சு ஸ்டீயரிங்கும் ஒடிச்சா டயர்கிட்ட இருக்கற ஒரே பிடிய ரெண்டு வேலைக்கும் பங்கு போடுறோம். பிரேக்க வளைவுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க. அப்படி எறங்கியும் கத்துச்சுன்னா வேகம் அதிகம்னு டயர் சொல்லுது, வேகத்த கொறைங்க. அம்மாவும் நிம்மதியா உக்காந்துட்டு வருவாங்க.

கேள்வி: மால் பார்க்கிங்ல பத்து கிலோமீட்டர் வேகத்துல திரும்புனாக்கூட என் கார் சினிமா சேஸிங் மாதிரி கத்துது, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. டயர் தேஞ்சு போச்சா?
– வாசகி, சென்னை வேளச்சேரி

பதில்: இல்லங்க, அது தரையோட வேலை. பேஸ்மென்ட்ல கான்கிரீட்டுக்கு மேல எபாக்ஸி மாதிரி வழவழன்னு பூச்சு அடிச்சிருப்பாங்க, அதுல ரப்பர் நல்லா ஒட்டும், ஒட்டி ஒட்டி விடும். ஸ்டீயரிங்க முழுசா ஒடிக்கும்போது ரெண்டு முன் சக்கரமும் அதது வட்டத்துல சரியா உருளாம கொஞ்சம் தேச்சுட்டுத்தான் திரும்பும், அந்தத் தரையில அது பெரிய சத்தமா கேக்குது, மூடுன எடம்ங்கறதால எதிரொலி வேற. புத்தம்புது டயர்கூட கத்தும். ஒண்ணே ஒண்ணு, மழை நாள்ல வண்டில இருந்து சொட்டுன தண்ணி அந்த ராம்ப்ல இருந்தா அங்க நல்லா வழுக்கும், அப்ப சத்தமும் வராது.

கேள்வி: என் வண்டி ஓட்டம் ரொம்ப கம்மி, டயர்ல பட்டன் புதுசு மாதிரி இருக்கு. போன மழைக்கு வால்பாறைல இருந்து எறங்கும்போது ஒரு வளைவுல முன்னாடி அப்படியே நேரா வழுக்கிட்டு போயிடுச்சு, ஒரு சத்தம்கூட இல்ல, கடவுள் புண்ணியத்துல எதுக்க வண்டி வரல. டயர் வாங்குனது 2017. பட்டன் இருந்தும் ஏன் இப்படி?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இந்த வாரம் வந்ததுல என்னை ரொம்ப யோசிக்க வெச்ச கடிதம் இது. ஈர ரோட்டுல டயர் கத்தாது. ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவுல தண்ணி எண்ணெய் மாதிரி நிக்குது, ஒட்டி விடுற வேலையே நடக்க மாட்டேங்குது, அதனால அந்த முன் எச்சரிக்கை உங்களுக்கு கெடைக்கல. வெயில் காலத்துல சத்தமே போடாத டயர், மழைல மோசமா இருக்கலாம். சத்தத்த வெச்சு டயர எடை போடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

பட்டன் இருக்கறது தண்ணிய வெளிய தள்ளறதுக்கு, பிடி குடுக்கறது ரப்பரோட மென்மை. வண்டி ஓடலைன்னாலும் வெயிலும் காத்தும் பட்டு வருஷத்துக்கு வருஷம் ரப்பர் எறுகிட்டேதான் போகும். டயர் ஓரத்துல நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 2317ன்னு இருந்தா 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம், ஸ்டெப்னியவும் சேத்துப் பாருங்க. அஞ்சு வருஷம் தாண்டுனா வருஷத்துக்கு ஒரு தடவ தெரிஞ்சவங்ககிட்ட காட்டணும், பத்து வருஷம் ஆயிடுச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஓட்டக்கூடாதுன்னு டயர் கம்பெனிங்களே சொல்றாங்க. உங்களோடது ஏற்கனவே மழைல வழுக்கிக் காட்டிடுச்சு, பத்து வருஷக் கணக்கெல்லாம் பாக்காதீங்க, அடுத்த மழைக்கு முன்னாடி நாலையும் மாத்திடுங்க. வால்பாறை ரோட்டுல 40 வளைவு, ஒரு பக்கம் பள்ளம், அங்க டயர் விஷயத்துல சிக்கனம் வேண்டாம்.

எதப் பாத்து வாங்கறது? எத்தனை கிலோமீட்டர் வரும்னு கேக்கற நாம, மழைல எப்படி நிக்கும்னு ஏன் கேக்க மாட்டேங்கறோம்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். 1990கள்ல சிலிகா கலந்த ரப்பர் வந்ததுக்கு அப்புறம் மைலேஜையும் ஈரப் பிடியையும் ஒரே டயர்ல ஓரளவு சேத்துக் குடுக்க முடியுது, அந்த மாதிரி டயர் இருக்கான்னு கேளுங்க. நம்ம நாட்டுலயும் ஈரப் பிடி, உருளும்போது வர்ற சத்தம், உருள்றதுக்கு ஆகுற இழுவை இது மூணுக்கும் 2022ல விதி அறிவிச்சுட்டாங்க. ஆனா விதிங்கறது கீழ்மட்ட அளவுதான், அதுக்கு மேல ஒவ்வொரு டயருக்கும் எக்கச்சக்க வித்தியாசம் இருக்கு. ஐரோப்பாவுல விக்குற டயருக்கு ஈரப் பிடிக்கு ஏ முதல் இ வரைக்கும் லேபிள் ஒட்டறாங்க, அதே மாடல்னு நெட்ல பாத்துட்டு வராதீங்க, நாட்டுக்கு நாடு கலவை மாறலாம். டிரெட்வேர் பக்கத்துல டிராக்‌ஷன்னு போட்டு ஏஏ, ஏ, பின்னு எழுத்து இருந்தா அது ஈரத்துல நேரா பிரேக் அடிச்சு சோதிச்சது, வளைவப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. முடிஞ்சா ஏவுக்கு கீழ போகாதீங்க.

கேள்வி: அண்ணே, என் வண்டில 165/80 ஆர்14 இருக்கு. சத்தம் போகணும், கிரிப்பும் வேணும், 195/65 ஆர்15 போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 185/65 ஆர்15 போடுங்க தம்பி, அதுவும் உங்க மாடலோட டாப் வேரியன்ட்ல கம்பெனியே அந்த சைஸ் குடுத்திருந்தா மட்டும். இதுல முதல் நம்பர் டயரோட அகலம் மில்லிமீட்டர்ல, ரெண்டாவது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்துல எத்தனை சதவீதம்னு, கடைசி ரிம் அளவு இன்ச்ல. உங்க டயரோட மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர், 185 போட்டா 622 வருது, ஸ்பீடோமீட்டர் பெருசா மாறாது. 195 போட்டா 635 கிட்ட போயிடும், முழுசா ஒடிக்கும்போது உள்ள உரசலாம். பக்கச்சுவர் குட்டையானா வளைவுல மடங்கறது கொறையும், சத்தமும் கொஞ்சம் கொறையலாம். ஆனா அகலம் கூடக்கூட தேங்குன தண்ணில மிதக்கறதும் சீக்கிரம் வரும். எடை எண், அதாவது ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும்ங்கறதுக்கான குறியீடு, பழசவிட கொறையக்கூடாது, 88ன்னா ஒரு டயருக்கு 560 கிலோ.

கேள்வி: இப்போதைக்கு ரெண்டு டயருக்குத்தான் காசு இருக்கு. முன்னாடி சக்கரம்தான் இழுக்குது, புதுச முன்னாடியே போட்டுடட்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: பின்னாடி போடுங்க. கடையில முன்னாடிதான் போடணும்னு வாதாடுவாங்க, விட்டுக் குடுக்காதீங்க. முன்பக்கம் வழுக்குனா காலை எடுத்தா வேகம் கொறைஞ்சு பிடி திரும்ப வர வாய்ப்பு இருக்கு, ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்குனா வண்டி சுத்திடும், நம்மள மாதிரி ஆளுங்களால அத திருப்பிப் புடிக்க முடியாது. முன்னாடி போற பழசுல பள்ளத்துக்குள்ள இருக்கற குட்டி மேடு, 1.6 மில்லிமீட்டர் அடையாளம் அது, பட்டனோட சமமா வந்துடுச்சான்னு பாருங்க. வந்திருந்தா ரெண்டு பத்தாது, காசு சேர்ற வரைக்கும் மழைல வண்டிய எடுக்காதீங்க. புதுச போட்டதும் முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க, அச்சுல இருந்து வந்த வழவழப்பு தேயணும்.