யாழ்ப்பாணத்தில் பரம்பரையாக வைன் தயாரிக்கும் குடும்பங்கள் இருக்கின்றனவா?

பரம்பரையாக முந்திரிகை, அதாவது திராட்சை, வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான். ஆனால் வைன் என்றதும் இங்கே யாருக்கும் ஒரு குடும்பத்தின் பெயர் வாயில் வராது, தோலகட்டிதான் வரும். அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருவான தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைதாசர் ஆச்சிரமம் அது. அவர்களுடைய நெல்லிரசமும் வைனும் ஊரறிந்தவை.

குடும்பங்கள் ஏன் இறங்கவில்லை என்றால், முதல் காரணம் சட்டம். 1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்க முடியாது. நாலு பரப்புக் காணி வைத்திருக்கும் சின்னத் தோட்டக்காரன் அதற்கெல்லாம் எங்கே அலைவது? பழமாகவே விற்றுவிடுவார்கள்.

சரி, பந்தலுக்கு வருகிறேன். எங்களிடம் நிற்பது இஸ்ரேல் புளூ என்ற திராட்சை வகை. ஐரோப்பாவில் குளிர் வந்தால் கொடி தானாக உறங்கும். இங்கே குளிர் ஏது? தண்ணீரை நிறுத்தி, கொப்புகளை வெட்டி, இலையை உருவி நாங்கள்தான் உறங்கவைக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டால் துளிரோடு பூவும் வரும். வெட்டி ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் பழம். அதனால் வருடத்துக்கு இரண்டு அறுவடை எடுக்கலாம்.

மழைக்காலத்தில் இலையில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு அப்பா மயில்துத்தத்தையும் (செப்பு சல்பேற்று) சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துக் கலப்பார். பழைய சவர அலகு ஒன்றை அதில் அமிழ்த்தி எடுத்துப் பார்ப்பார். அலகில் செம்பு நிறம் படிந்தால் இலை கருகிவிடும், இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். இந்தக் கலவை பிரான்சின் போர்டோ வைன் தோட்டங்களில் 1880களில் பிறந்தது. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க வீதியோரக் கொடிகளில் நீலமாகத் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் நோய் இல்லாததைத் தாவரவியலாளர் மில்லார்தே கவனித்தார். வைன் நாட்டிலிருந்து எங்கள் பந்தலுக்கு வந்து சேர்ந்தது அந்த நீலத் தண்ணீர்தான்.

போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் இறைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. 1995 ஒக்டோபர் 30இல் போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பிப் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பந்தல் சரிந்து கிடந்தது, கொடிகள் பட்டுப்போயிருந்தன. தெரிந்தவர் ஒருவரிடம் நடுவதற்குக் கொடித்தடி வாங்கி அப்பா மறுபடி நட்டார். இப்போது நிற்பவை அவற்றின் வழி வந்தவைதான்.

இத்தாலியின் அந்தினோரி குடும்பம் 1385 முதல் வைன் தொழிலில் இருக்கிறது, இருபத்தாறு தலைமுறை. இங்கே ஒரு தலைமுறைக்குள்ளேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடக்க வேண்டி வந்தது. ஆனாலும் பனங்கள்ளுக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் திக்கம் வடிசாலையும் இந்த மண்ணில்தான் உருவாகின. அதே மாதிரி முந்திரிகைக்காரரும் ஒன்றுசேர்ந்து ஓர் உரிமம் எடுக்க வேண்டும் என்பது என் உண்மையான ஆசை.