குட்டையில் வலைப்பாசி: மயில்துத்தம் போடலாமா?

கேள்வி: காங்கயம் பக்கமுங்க. தென்னைக்குச் சொட்டுநீர் பாய்ச்ச பண்ணைக்குட்டை வெட்டியிருக்கேன். தையில் கட்லா, ரோகு குஞ்சு விட்டு, தீனிக்காக வாரம் ரெண்டு கூடை சாணியும் கரைச்சு விடறேன். இப்ப பச்சைப் பாசி தண்ணியை மூடிருச்சு. ஃபில்டர் தினமும் அடைக்குது, பொடிக்குஞ்சுக பாசியில மாட்டிச் செத்துக் கெடக்குது. மயில்துத்தம் போடச் சொல்றாங்க. போடலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. முதல்ல ஒரு கைப்பிடிப் பாசியை வெள்ளைத் தட்டுல தண்ணி விட்டு விரிச்சுப் பாருங்க. வழவழன்னு நூல் நூலாப் பிரிஞ்சா ஸ்பைரோகைரா. கொசுவலைத் துண்டு மாதிரி, அஞ்சாறு மூலை வெச்ச கண்ணியா இருந்தா ஹைட்ரோடிக்டியான், அதாவது வலைப்பாசி. குஞ்சு மாட்டுதுன்னு சொல்றதால இதுவாத்தான் இருக்கும்.

அந்தக் கண்ணியோட ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு செல். அதுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான நுண்வித்து உண்டாகி, வெளிய வராமலே ஒண்ணோடொண்ணு ஒட்டிக் குட்டி வலையா ஆயிரும். தாய்ச்செல்லோட சுவர் கரைஞ்சா முழு வலையா வெளிய வரும். நேத்து ஓரத்துல கெடந்தது இன்னைக்குக் குட்டையை மூடுதுன்னா இதுதான் காரணம்.

மயில்துத்தம்ங்கறது காப்பர் சல்ஃபேட், செம்பு உப்பு. அது பாசியைக் கொல்லும், இல்லேங்கல. ஆனா செம்பு மீனுக்கும் நஞ்சு. நம்ம சப்பைத் தண்ணியில, அதாவது கடினத் தண்ணியில, பாதி வேலை செய்யாம அடியில படிஞ்சிரும், சரி இன்னும் கொஞ்சம் போடலாம்னு கை போகும். பாசி மொத்தமாச் செத்து அழுகினா ஆக்சிஜன் தீர்ந்து, விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்கும்.

சாணியை இன்னைக்கே நிறுத்துங்க, பாசிக்குத் தீனியே அதுதான். ரெண்டு பேர் பழைய சேலையை ஆளுக்கொரு முனையாப் பிடிச்சுக் கரையோரம் இழுத்து வாருங்க. ஓரத்தண்ணியிலேயே உதறினாத்தான் குஞ்சு தப்பும். வாரினதைக் கரையில போட்டா மழைக்குத் திரும்ப உள்ள போயிரும். தென்னம்பாத்தியில மூடாக்காப் போடுங்க. மிச்சம் மீதியை மேய நாலஞ்சு புல்கெண்டை விடலாம்.

பம்பு தண்ணி உறிஞ்சற குழாய் முனையில இருக்கற ஃபுட்வால்வை, மிதவையா ஒரு காலி கேன்ல கட்டி, மேல்மட்டத்துல இருந்து ரெண்டடி ஆழத்துல தொங்க விடுங்க. மிதக்கற பாசியும் அடிவண்டலும் அவ்வளவா ஏறாது. மணல் ஃபில்டர் இல்லாம டிஸ்க் ஃபில்டர் மட்டும் இருந்தா இந்தப் பாசிக்குத் தாங்காதுங்க.

கோடையில வத்தினா ஒழிஞ்சிரும்னு இருந்தறாதீங்க. இதோட வித்து காஞ்ச வண்டல்லயும் உசுரோட கெடக்கும். வத்தினதும் மேல்வண்டலை வழிச்சு எடுத்துருங்க. ஷீட் விரிச்ச குட்டைன்னா மம்முட்டி வேண்டாம், பிளாஸ்டிக் முறத்துல வழிங்க.