கதவு நிலையில் கறையான்: 35,000 கொடுக்கலாமா?

கேள்வி: மாரி மழை விட்ட கையோடு அறைக்கதவு நிலையில் கறையான் மண் கோடு போட்டு ஏறிவிட்டது. கடையில் வாங்கிய ஸ்பிரேயை இரண்டு தரம் அடித்தேன். இப்போது பக்கத்துச் சுவரில் வருகிறது. வீடு தேடி வந்த ஒருவர், 35,000 ரூபாய்க்கு வீடு முழுக்க மருந்தடித்து ஐந்து வருட உத்தரவாதமும் தருகிறாராம். கொடுக்கலாமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: பொறுங்கள். எங்கே அடிக்கப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். சுவரிலும் நிலையிலும் என்றால், நீங்கள் ஸ்பிரேயால் செய்ததைத்தான் அவரும் காசு வாங்கிக்கொண்டு செய்யப் போகிறார்.

நிலையில் ஏறியவை தீனி தேடி வந்த வேலைக்காரக் கறையான்கள். புற்று மண்ணுக்குள், பல மீற்றர் தள்ளி, அடுத்த வளவில்கூட இருக்கலாம். அங்கிருந்து கிளை கிளையாக வழி வெட்டி வரும். ஒன்றுக்கு மரம் தட்டுப்பட்டால் மணத்தடம் விட்டுத் திரும்பும்; மற்றவை அதைப் பிடித்து வந்துசேரும். வெளிச்சமும் காய்ந்த காற்றும் ஆகாது, அதனால்தான் அந்த மண் கூரை. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வெடிப்பைத் தேடும். உங்கள் பக்கத்துச் சுவரில் நடந்தது அதுதான்.

மண் கோட்டில் ஓர் அங்குலத்தை ஆணியால் சுரண்டிப் பாருங்கள். இரண்டொரு நாளில் ஈர மண் பூசி மூடியிருந்தால் நடமாட்டம் இருக்கிறது. மிச்சத்தைக் கூட்டித் தள்ளாதீர்கள், மருந்தடிப்பவருக்கு அதுதான் அடையாளம்.

சுவரோரம் நெடுகத் துளைத்து மண்ணுக்குள் மருந்து இறக்குவதுதான் வேலை. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் மண்ணில் இருப்பது கறையானுக்குத் தெரியாது. உடம்பில் ஒட்டிக்கொண்டு போய் மற்றவைக்கும் கொடுக்கும். பைஃபென்திரின் விரட்டும் ரகம், இடைவெளி விட்டால் அதற்குள்ளால் வரும். மருந்தின் பெயர், எத்தனை லீற்றர், துளைக்குத் துளை எவ்வளவு தூரம் என்று எழுதி வாங்குங்கள். லேபலில் பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவு இலக்கம் வேண்டும். பெயரில்லாத கலனோடு வந்தால் படலையோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, நம்ம கரையோரம் மணல் தரை, கிணறும் வளவுக்குள்ளேயே. ஊற்றியது சர்ரென்று இறங்கும். கிணற்றடியில் மருந்து இறக்க விடவே வேண்டாம்.

ஐந்து வருடத்துக்குள் திரும்ப வந்தால் சும்மா அடித்துத் தருவாரா? அதைப் பற்றுச்சீட்டில் எழுதட்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடப் போனாலும் கையில் அந்தத் துண்டு இருக்க வேண்டும்.

அதுவரை சுவரில் சாய்த்த விறகு, பலகை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டில் கறையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்தது, நனையாமல் இருக்கட்டும் என்று நானே சுவரோரம் அடுக்கிய கிடுகுக் கட்டு.