ரத்த எண்ணிக்கை சரியான பிறகும் மாத்திரை எதற்கு?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன், டாக்டர். அப்பாவுக்கு 56 வயது. காபித் தோட்டத்தில் மேஸ்திரி. ஏழு மாதத்துக்கு முன் மண்ணீரல் வீங்கியதால் ரத்தம் பார்த்தோம். வெள்ளையணு 1,80,000 இருந்தது, சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம் சாப்பிடுகிறார். மூன்றே மாதத்தில் வெள்ளையணு 7,000க்கு வந்துவிட்டது. பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற ரத்தச் சோதனையின் ரிப்போர்ட் மூன்றாம் மாதம் 8 சதவீதம், ஆறாம் மாதம் 0.9. கண் வீக்கமும் கெண்டைக்கால் பிடிப்பும் இருப்பதால், பழம் பறிப்பு முடியும்வரை இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்திக்கொள்கிறேன் என்கிறார். எண்ணிக்கைதான் சரியாகிவிட்டதே, அந்தச் சோதனைதான் இனி எதற்கு?

பதில்: நிறுத்த வேண்டாம். இரண்டு மாதம் என்ன, இரண்டு நாள்கூட அவராக நிறுத்தக் கூடாது. காரணம் தெரிந்தால்தான் அப்பா ஒப்புக்கொள்வார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காபிச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் விழுவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருப்பார். வெளியே இலை பச்சையாக இருக்கும், உள்ளே புழு தண்டைக் குடைந்துகொண்டிருக்கும். வெள்ளையணு 7,000 என்பது இலையின் பச்சை மாதிரி. நோய் இருக்கும் இடம் எலும்பு மஜ்ஜை.

அங்கே நடப்பது இதுதான். கைனேஸ் என்பவை ஒரு வகை நொதிகள். மனித உடலில் 500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஏடிபி என்ற எரிபொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின்மேல் ஒட்டுவது அவற்றின் வேலை. ஒட்டியதும் அந்தப் புரதம் முடுக்கிவிடப்படும்; ‘வளர், பெருகு’ என்ற கட்டளைகள் பலவும் இப்படித்தான் போகின்றன. ஏபிஎல் அப்படி ஒரு கைனேஸ். தேவைப்படும்போது வேலை செய்யும், மற்ற நேரம் அடங்கியிருக்கும். சிஎம்எல் நோயில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஏபிஎல் மரபணு போய் பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டு மரபணுவிலிருந்து வரும் கைனேஸுக்கு அடங்கவே தெரியாது. 1960இல் பிலடெல்பியாவில் இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குட்டைக் குரோமோசோமைக் கண்டார்கள். அது துண்டு மாறியதால் வந்தது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். இது பரம்பரையாக வருவதில்லை. உங்களுக்கு வருமோ என்ற பயம் வேண்டாம்.

இமாட்டினிப், அந்தக் கைனேஸில் ஏடிபி உட்காரும் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எரிபொருள் இல்லாமல் நொதி ஓய்ந்துவிடும். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை சில ஆண்டுகளில் உயிரைக் குடித்த நோய் இது. முதல் பெரிய ஆய்வில் இந்த மாத்திரையில் தொடங்கியவர்களில் 10 ஆண்டுகள் கழித்தும் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் குழியில் மருந்து இருக்கும்வரைதான் அடக்கம். மஜ்ஜையில் உறங்கும் சில மூல அணுக்களை அது கொல்வதில்லை. மருந்தை விட்டால் அவை எழுந்துவிடும்.

சோதனைக்கு வருகிறேன். பல புற்றுநோய்களில் ரத்தத்தில் அளப்பது ஒன்று, மருந்து தாக்குவது வேறொன்று. இங்கே நோயின் காரணமும் மருந்தின் குறியும் நாம் அளக்கும் அடையாளமும் ஒரே பொருள்தான். மருத்துவத்தில் இவ்வளவு நேரான பொருத்தம் அபூர்வம், அதனால்தான் இந்த எண்ணை நான் அவ்வளவு நம்புகிறேன். கூட்டு மரபணு அனுப்பும் செய்தி (ஆர்என்ஏ) ரத்தத்தில் எவ்வளவு என்று அது சொல்கிறது. மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் 1க்குள், ஓராண்டில் 0.1க்குள் வர வேண்டும். அப்பாவின் 8, 0.9 இரண்டும் சரியான பாதையில் இருக்கின்றன. இனி 0.1க்கு இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால், முதலில் ‘மாத்திரை தவறியதா?’ என்று கேட்போம். இல்லையென்றால் கைனேஸில் மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்ப்போம். டி315ஐ என்ற மாற்றம் வந்தால் இமாட்டினிப் அந்தக் குழியில் பொருந்தாது. பொனாட்டினிப், அசிமினிப் போன்ற வேறு மருந்துகள் வேண்டியிருக்கும்.

மாத்திரை தவறுவது சாதாரண விஷயம் இல்லை. 2010இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் 0.1 என்ற இலக்கை ஆறு ஆண்டுகளில் எட்டினார்கள். ஒழுங்கு அதற்குக் கீழே இருந்தவர்களில் 28 சதவீதம்தான். மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் விட்டாலே இந்த இரண்டாம் கூட்டத்தில் சேர்ந்துவிடுவோம்.

பக்க விளைவுகளைத் தாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை, சரிசெய்யலாம். கண் வீக்கம் இந்த மருந்தில் மிகச் சகஜம், காலையில் அதிகம் தெரியும். உடல் எடை மளமளவென ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். கால் பிடிப்புக்குக் கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு மாத்திரை. ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். அளவைக் குறைப்பதும், அணுக்கள் மிகவும் இறங்கினால் சில நாள் நிறுத்துவதும் டாக்டரின் முடிவு.

ஏற்காட்டுக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். கமலா ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம். பம்பளிமாஸும் கிரேப் ஃப்ரூட்டும் வேண்டாம். அவை கல்லீரல் இந்த மருந்தை உடைப்பதைத் தடுத்து ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் முன்கூட்டிக் கேளுங்கள்.

என்றைக்காவது நிறுத்த முடியுமா என்றால், சிலருக்கு முடியும். பல ஆண்டுகள் சாப்பிட்டு, எண் 0.01க்கும் கீழே நெடுநாள் நிலைத்தவர்களுக்கு, தொடக்கத்தில் மாதாமாதம் சோதனை செய்துகொண்டு நிறுத்திப் பார்க்கிறோம். அவர்களிலும் சுமார் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அப்பாவுக்கு இன்னும் அந்தப் பேச்சுக்கே நேரம் வரவில்லை.

அடுத்த சோதனை ஒன்பதாம் மாதம். முந்தைய லேபிலேயே கொடுங்கள். அளவு சொல்லும் சோதனையா, சர்வதேச அளவுகோலில் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரபணுவின் பெயரில் உள்ள பிசிஆரும் (BCR) சோதனை முறையின் பெயரான பிசிஆரும் (PCR) தமிழில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வேறு வேறு. டாக்டர் எழுதிய சீட்டை அப்படியே காட்டிவிடுங்கள். மாதிரி வெளியூர் போக வேண்டியிருந்தால் சனிக்கிழமை மாலை கொடுக்காதீர்கள், தாமதமானால் அந்த மரபணுச் செய்தி சிதைந்துவிடும். திங்களோ செவ்வாயோ முதல் பேருந்தில் சேலம் இறங்கி, காலையிலேயே கொடுத்துவிட்டால் அப்பா மதியத்துக்குள் தோட்டத்துக்குத் திரும்பிவிடலாம்.